கைக்குட்டை போன தூரம்

இளங்கலைத் தமிழ் மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கும் மூத்த பெண் ஒருவரின் உழைப்பு வரலாற்றை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். அனகாபுத்தூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி இரண்டே வரியில் முடித்திருந்தாள். "எங்கள் தாத்தா தறி நெய்தார். ஆயா வீட்டில் இருந்தார்."

"ஆயா என்ன வேலை செஞ்சாங்க?" என்று கேட்டேன்.

"வேலைக்கெல்லாம் போகல மிஸ். சும்மா வீட்லதான் இருந்தாங்க. தார் சுத்துவாங்க, பாவுக்குக் கஞ்சி போடுவாங்க, அவ்ளோதான்."

அந்த 'சும்மா'வும் 'அவ்ளோதான்'உம் என்னைத் தூங்கவிடவில்லை. நானும் அனகாபுத்தூரில்தான் குடியிருக்கிறேன். விமானங்கள் மீனம்பாக்கத்தில் இறங்க எங்கள் தலைக்குமேல் தாழ்ந்து வரும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று கைபேசியில் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள் பிள்ளைகள். உலகம் சுருங்கிவிட்டது, எல்லா நாடுகளும் இணைந்துவிட்டன என்று மேடைகளில் பேசுகிறோம். இணையாமல் ஒதுங்கிக் கிடக்கும் நாடுகள் பின்தங்கிப்போயின என்றும் பேசுகிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆயாவைப் பார்க்கப் போனபிறகு, இந்தப் பேச்சில் 'நாடு' என்ற சொல்லையும் 'இணைப்பு' என்ற சொல்லையும் என்னால் பழையபடி பயன்படுத்த முடியவில்லை.

தார் சுற்றிய கை

ஆயாவுக்கு 78 வயது. பதினேழு வயதில் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தவர். முன்கூடத்தில் குழித்தறி இருந்த இடத்தை மூடி சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அந்த இடம் மட்டும் தரையில் வேறு நிறத்தில் தெரிகிறது.

"கைக்குட்டத் துணிம்மா. அத்தினியும் கப்பல்ல போவும்னு சொல்லுவாங்க. எந்த ஊருக்குன்னு யாரு கேட்டா? பேருதான் கைக்குட்ட, விரிச்சா ஒரு கஜம் இருக்கும். இத்தாம்பெரிய கைக்குட்டையில மூக்கு சிந்துறவன் எவ்ளோ பெரிய ஆளா இருப்பான்னு நாங்க பொம்பளைங்க சிரிப்போம்."

சிட்டத்திலிருந்து நூலைப் பிரித்து ராட்டையில் தார் சுற்றுவது, விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவது, வெயில் ஏறுமுன் அறுந்த இழைகளை முடிச்சிடுவது, பழைய பாவு முடிந்ததும் புதுப்பாவை அதனோடு இழை இழையாகப் பிணைப்பது என ஆயாவின் வேலைகள் நீண்டன. நான் ஒன்று கேட்டேன். கட்டம் போட்ட துணியில் எத்தனை இழை சிவப்பு, எத்தனை இழை நீலம் என்ற கணக்கு யாரிடம் இருக்கும்?

"பாவுல ஓட்றப்பவே கணக்கு வந்துடும். ஊடைக்கு நான்தான் தார் குடுக்கணும். நான் தார மாத்திக் குடுத்துட்டா கட்டம் கெட்டுப்போவும். கட்டம் கெட்டா துணிய எடுக்க மாட்டான். கூலி போச்சு."

கணவர் இறந்தபின் முதியோர் நெசவாளருக்கான உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் ஒரே கேள்விதான் கேட்டாராம்: "நீ தறியில உக்காந்து நெஞ்சியா?" ஆயா உள்ளதைச் சொன்னார். தறியில் உட்காரவில்லை. அப்படியானால் நீ நெசவாளி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அட்டை தாத்தாவின் பெயரில் இருந்தது. தாத்தாவோடு அதுவும் போய்விட்டது.

2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, இந்தத் தொழிலில் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் இருப்பதாகச் சொல்கிறது. அவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். ஆனாலும் 'நெசவாளர்' என்றதும் நம் மனத்தில் தறியில் அமர்ந்த ஓர் ஆணின் படம்தான் எழுகிறது. சங்க இலக்கியம் நூல் நூற்றவளுக்குப் 'பருத்திப் பெண்டு' என்று ஒரு பெயராவது கொடுத்திருந்தது. பிறகு வந்த கணக்கேடுகளில் அந்தப் பெயரும் இல்லை.

கோட்டையும் துணியும்

ஆயா சுற்றிய தார் எங்கே போனது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், சுற்று வட்டாரத்தில் பருத்தித் துணி மலிவாகக் கிடைத்ததுதான். நல்ல துறைமுகம்கூட இங்கே இல்லை. சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள், அவளுக்காகத்தான் இந்த இடத்தைப் பிடித்தார் என்று ஒரு வம்பும் சென்னை வரலாறுகளில் தவறாமல் இடம்பெறும். ஒரு பெண்ணைப் பற்றிய வம்பை 400 ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறோம். கோட்டை எழுவதற்குக் காரணமான துணியின் நூலை நூற்ற பெண்களை நினைவில் வைக்கவில்லை. 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நூற்போர், நெய்வோர், வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோரைக் குடியமர்த்திச் சிந்தாதிரிப்பேட்டை உருவாக்கப்பட்டது. கம்பெனிக்கு அவ்வளவு துணி தேவைப்பட்டது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். இந்தியப் பருத்தித் துணியின் மேல் அங்குள்ள பெண்களுக்கு மோகம் பிறந்தது. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். 1719இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் இந்தியத் துணி உடுத்தித் தெருவில் போன பெண்களைத் துரத்தி, உடைகளைக் கிழித்தார்கள்; மையும் அமிலமும் வீசினார்கள். இறக்குமதி செய்த வணிகன் மேல் கை வைக்கவில்லை, உடுத்திய பெண்ணின் உடம்பில் கை வைத்தார்கள். 1700இலும் 1721இலும் இங்கிலாந்து இயற்றிய சட்டங்கள் சாயமேற்றிய, அச்சிட்ட இந்தியப் பருத்தித் துணியை அங்கே உடுத்துவதற்குத் தடை விதித்தன. இன்று உலகுக்குத் திறந்த சந்தையைப் போதிக்கும் நாடு தன் சந்தையைச் சாத்திய கதை இது.

ஆனால் அந்தச் சட்டங்கள் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்தன. இங்கே உடுத்தக்கூடாது, கிடங்கில் வைத்து வெளிநாட்டுக்கு மறு ஏற்றுமதி செய்யலாம். அந்த 'வெளிநாடு'களில் முக்கியமானது மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே கொண்டுபோன சரக்கில் பெரும்பகுதி துணிதான். அதில் கணிசமான பங்கு இந்தியத் துணி. அதைக் கொடுத்து வாங்கியது மனிதர்களை.

இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட எனக்கும் ஆசைதான். சோழமண்டலக் கரையின் கட்டத் துணியின் பெருமையைப் பேசும்போது, அது அடிமை வணிகத்தின் நாணயமாக இருந்ததை நாம் பேசுவதில்லை. நூற்றவளுக்கும் நெய்தவனுக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் தெரியாமலே ஒரு வலையில் கண்ணியாக இருந்திருக்கிறார்கள். இணைப்பு என்பது எப்போதும் நல்ல சொல் என்று நினைப்பவர்கள் இந்தக் கண்ணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அடிமைக் கப்பல்கள் போன கரீபியத் தீவுகளுக்கும் இந்தத் துணி போயிற்று. மார்ட்டினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா தீவுகளில் பெண்கள் தலையில் கட்டும் கட்டத் துணிக்கு இன்றும் 'மெட்ராஸ்' என்றே பெயர். 1786இல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவில், கறுப்பினப் பெண்கள் தலைமுடியை அலங்கரித்துக்கொள்ளக் கூடாது, துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று ஆளுநர் ஆணையிட்டார். அந்தப் பெண்கள் மறைத்தார்கள். பளிச்சென்ற துணிகளை எடுத்து விதவிதமாக முடிச்சிட்டு, அவமானத்துக்காகக் கட்டச் சொன்னதையே கிரீடம்போல் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் தலையில் இருந்தவற்றில் மெட்ராஸ் கட்டத் துணியும் உண்டு.

புகுமாவின் பெண்கள்

ஆயா காலத்துக் கைக்குட்டையின் வணிகப் பெயர் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்'. 36 அங்குலச் சதுரங்கள், 8 கஜம் ஒரு துண்டு. அடிமை வணிகத்தை 1807இல் பிரிட்டன் தடை செய்த பிறகும் இந்தத் துணி ஆப்பிரிக்காவுக்குப் போவது நிற்கவில்லை. மனிதர்களுக்குப் பதில் பனையெண்ணெய் ஏறியது. இருபதாம் நூற்றாண்டில் அதன் பெரிய சந்தை நைஜீரியா. அங்கே இக்போ மக்கள் இதற்கு 'ஜார்ஜ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பெயர்தான் அப்படித் தங்கிவிட்டது என்கிறார்கள்.

நைஜர் ஆற்றின் கழிமுகத் தீவுகளில் வாழும் கலபாரி மக்கள் இதை 'இஞ்சிரி' என்கிறார்கள். அவர்களின் முக்கிய ஊர் 1884இல் நிறுவப்பட்ட புகுமா. அங்கே பிறந்த குழந்தையை முதுகில் கட்டுவதும், பெண்கள் இடுப்பில் சுற்றுவதும், இறந்தவர்களைக் கிடத்தும் கட்டிலை அலங்கரிப்பதும் இந்தத் துணியால். குடும்பத்தின் பழந்துணிகளைப் பெட்டியில் வைத்துக் காப்பதும், சாவு வீட்டில் கட்டில் அலங்காரத்தைச் செய்வதும் பெண்களின் பொறுப்பு. உண்மையான மெட்ராஸா போலியா என்பதை முகர்ந்து பார்த்தே சொல்லிவிடும் மூதாட்டிகள் உண்டு.

அந்தப் பெண்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். கட்டத் துணியை மடியில் விரித்து, ஊசியால் சில இழைகளை நெம்பித் தூக்கி, சவர அலகாலோ சிறு கத்தியாலோ அறுத்து, உருவி எடுப்பார்கள். பெரும்பாலும் வெளிர்நிற இழைகள் போய்விடும். எஞ்சிய இழைகளில் புதியதொரு கோலம் தெரியும். இதற்கு 'பெலெட்டே பிட்டே' என்று பெயர். அறுத்த துணி என்பது பொருள். ஒவ்வொரு கோலத்துக்கும் தனிப் பெயர் உண்டு. எந்த இழையை அறுத்தால் துணி பிரியாது என்ற கணக்கு முழுவதும் அந்தப் பெண்களின் விரலில். ஜோன் ஐக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கலபாரி அறிஞர் டோன்யே எரெகோசிமாவும் 1981இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். வெளியிலிருந்து வந்த பொருளை ஒரு சமூகம் தன் கைப்பட மாற்றித் தன்னுடையதாக்கிக்கொள்வதை அவர்கள் 'பண்பாட்டு ஏற்புறுதி' என்ற கருத்தால் விளக்கினார்கள்.

அனகாபுத்தூரில் ஒரு பெண் இழைகளை எண்ணிச் சேர்த்திருக்கிறாள். புகுமாவில் ஒரு பெண் அதே இழைகளை எண்ணி உருவியிருக்கிறாள். இருவருக்கும் நடுவில் சென்னை ஏற்றுமதியாளர், லண்டன், மான்செஸ்டர் வணிக நிறுவனங்கள், லாகோஸ் மொத்த வியாபாரி. நடுவில் இருந்த அத்தனை பேருக்கும் துணி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியும். இரண்டு முனையிலும் இருந்த பெண்களுக்கு மட்டும் தெரியாது.

யார் மூடினால் என்ன பெயர்

1949 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தம் பதவியேற்பு உரையில் உலகின் 'வளர்ச்சி குன்றிய பகுதிகள்' என்று பேசினார். அதற்குப் பின்தான் நாடுகளை வளர்ந்தவை, வளராதவை என்று பிரிக்கும் வழக்கம் பரவியது. இந்தியாவும் நைஜீரியாவும் ஒரே பட்டியலில் விழுந்தன. 1964இல் உருவான 77 நாடுகளின் குழுவில் இரண்டும் உண்டு. தென் திசை நாடுகளின் ஒற்றுமை பற்றித் தலைவர்கள் மாநாடு கூட்டிப் பேசினார்கள். இந்தப் பேச்செல்லாம் தொடங்குவதற்கு முன்பே அந்த இரண்டு நாடுகளையும் ஒரு கைக்குட்டை இணைத்திருந்தது. மாநாட்டுக்கு யாரும் அதைக் கொண்டுபோகவில்லை.

1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் உள்நாட்டுப் போர். பிறகு 1970களில் அந்நாடு தன் ஆலைகளைக் காக்க இறக்குமதித் துணியைக் கட்டுப்படுத்தியது, தடை செய்தது. அனகாபுத்தூரில் தறிகள் நின்றன. நைஜீரியாவின் முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கிலாந்து 1721இல் செய்ததைத்தான் அது 250 ஆண்டுகள் கழித்துச் செய்தது. அதே 1974இல் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளின் துணி இறக்குமதிக்கு நாடுவாரியாக அளவு குறித்துப் 'பல்லிழை ஒப்பந்தம்' கொண்டுவந்தன. 2004 இறுதிவரை அந்த முறை நீடித்தது. ஏழை நாடு கதவைச் சாத்தினால் அது தனிமைப்பட்ட நாடு. பணக்கார நாடு சாத்தினால் அது ஒப்பந்தம்.

சாத்தியும் நைஜீரியாவின் ஆலைகள் நிலைக்கவில்லை. 1986இல் கடன் நெருக்கடியில் கட்டமைப்புச் சீரமைப்புத் திட்டத்தை ஏற்றது. பின்னர் மலிவு இறக்குமதியும் கள்ளக்கடத்தல் துணியும் வந்து குவிந்தன. கதூனாவில் இருந்த பெரிய துணி ஆலை 2007இல் மூடப்பட்டது. கலபாரி மக்கள் வாழும் கழிமுகத்தில் 1956இல் எண்ணெய் கிடைத்தது. உலகத்தோடு குழாய் போட்டு இணைக்கப்பட்ட அந்தப் பகுதியில் எண்ணெய் கசிந்து மீன்வளம் அழிந்தது. இணைப்புக்குக் குறைவில்லை. இணைப்பின் பிடி யார் கையில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வணிகர், பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் துணி வாங்கினார். புரூக்ஸ் பிரதர்ஸ் கடைகளில் அது சட்டையாக விற்றது. துவைத்ததும் சாயம் போயிற்று. வழக்குப் போடும் அளவுக்குப் பேச்சு போனதாகவும், பிறகு விளம்பரக்காரர்கள் 'சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்' என்று எழுதியே அதை விற்றதாகவும் சொல்வார்கள். சாயம் போவது நாகரிகமாயிற்று. நியூயார்க்கில் சாயம் போனால் அது பாணி. ஆயா வீட்டில் ஒரு தார் மாறினால் கூலி போச்சு. பிழையை அழகென்று அறிவிக்கும் அதிகாரமும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

தெரு சொன்ன செய்தி

தறி நின்றபோது என்ன சொன்னார்கள் என்று ஆயாவைக் கேட்டேன்.

"இன்னா சொல்லுவாங்க? ஆர்டர் இல்லன்னாங்க. அடுத்த மாசம் வரும்னாங்க. நான் ரெண்டு மாசம் ராட்டைய தொடச்சி தொடச்சி வெச்சேன். அப்புறம் பல்லாவரம் பக்கம் வீட்டு வேலைக்குப் போனேன்."

ஆண்களில் சிலர் லுங்கிக்கும் புடவைக்கும் மாறினார்கள். சிலர் குரோம்பேட்டை, பல்லாவரம் தோல் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பெண்கள் வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போனார்கள். ஒரு நாட்டின் வணிகக் கொள்கை மாறியதன் விளைவு இன்னொரு கண்டத்தில் ஒரு பெண் அடுத்த வீட்டுப் பாத்திரம் தேய்ப்பதாக முடிந்தது. அவளிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

அனகாபுத்தூர் நெசவு முற்றாக அழியவில்லை. வாழைநாரிலும் சணலிலும் பிற இயற்கை நார்களிலும் இங்கே துணி நெய்கிறார்கள். 25 வகை இயற்கை நார்களால் நெய்த புடவை லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. மட்டையிலிருந்து நார் பிரிப்பது, முடிச்சிட்டு நீளமாக்குவது போன்ற வேலைகளைப் பெண்கள் செய்கிறார்கள். பார்க்க வெளிநாட்டவர் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அந்தப் படங்களில் தறியில் இருப்பவரின் பெயர் இருக்கிறதா, நார் பிரிப்பவளின் பெயரும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

2015 டிசம்பரில் அடையாறு இந்தத் தெருக்களுக்குள் வந்தது. ஆயாவின் ராட்டை அந்த வெள்ளத்தில் போயிற்று. 2021இல் அனகாபுத்தூர் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. 2025 மே மாதம் ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கான வீடுகள் ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டன. இந்த ஊரின் வரலாற்றை எழுதி வைக்க நமக்கு அதிகக் காலம் இல்லை.

இரண்டாம் முறை போனபோது கலபாரிப் பெண்கள் இழை அறுக்கும் படங்களைக் கைபேசியில் காட்டினேன். ஆயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம துணிதான். இந்தக் கட்டம் நான் சுத்தியிருக்கேன்." பிறகு முகம் சுளித்தார். "அவ்ளோ மெனக்கெட்டு நெஞ்சத ஏம்மா அறுக்குறாங்க?"

கோலம் போடுவதற்கு என்றேன். படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். விரலால் திரையைத் தடவினார்.

"அறுத்தும் பிரியல பாரு. நல்ல பாவு." கொஞ்சம் கழித்துக் கேட்டார்: "அந்தப் பொம்பளைங்களுக்கு இதுக்குக் கூலி உண்டா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் உலக வணிகத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இந்தக் கேள்வியோடு தொடங்கவில்லை.

மாணவி தன் பயிற்சியைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். இம்முறை பதினொரு பக்கம். முதல் வரி: "எங்கள் ஆயா நெசவாளர்." அலுவலகத்துக்கு மறுபடியும் மனு எழுதியிருக்கிறோம். அவர்கள் கேட்கும் சான்று எங்களிடம் இல்லை. தெருவில் உடன் தார் சுற்றிய நான்கு மூதாட்டிகளின் கையெழுத்தும் கைநாட்டும் இருக்கின்றன. அதை வரலாற்று ஆவணம் என்றே நான் கருதுகிறேன்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு மூத்த பெண் 'சும்மா இருந்த' ஆண்டுகளைப் பற்றி உட்கார்ந்து கேளுங்கள். பீடி சுற்றினாரா, தீப்பெட்டி ஒட்டினாரா, முந்திரி உடைத்தாரா, தார் சுற்றினாரா என்று கேளுங்கள். அந்தப் பொருள் எந்த ஊருக்குப் போனது என்று தேடுங்கள். அங்கே அதை வாங்கிக்கொண்ட பெண் யார் என்றும் தேடுங்கள். பெயரும் ஆண்டும் குறித்து எழுதி வையுங்கள்.